ஒரே ஊர், நாலு ஆபீஸ்: குத்தம்பாக்கத்திலிருந்து வீட்டுவசதி வாரியங்களின் கதை

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் போகிறவர்களுக்குக் குத்தம்பாக்கம் தெரிந்திருக்கும். கொஞ்ச வருஷமா அந்தப் பெயர் செய்தியில் வந்தாலே பஸ் நிலையத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் இந்த எபிசோடு வீட்டைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், வீடு தருகிற அரசு ஆபீஸ்களைப் பற்றியது.

அதுக்கு ஏன் குத்தம்பாக்கம்? மேப்பைத் திறந்து பாருங்க. ஊருக்குள் ஒரு சமத்துவபுரம் இருக்கிறது. அது பஞ்சாயத்து, ஊரக வளர்ச்சித் துறை கணக்கு. ஊரை ஒட்டி, துணை நகரம் கட்டுவதற்காக வீட்டுவசதி வாரியம் எடுத்துவைத்த நிலம். அதில் ஒரு துண்டில் பஸ் நிலையம், அது சி.எம்.டி.ஏ.வின் வேலை. அதே பூந்தமல்லி வட்டாரத்தில், கூடப்பாக்கத்தில், கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கான அடுக்குமாடிகள். அவை குடிசை மாற்று வாரியத்துடையவை. ஒரே வட்டாரத்துக்குள் நாலு ஆபீஸ். ஆனால் வீட்டில் ஒரு பிரச்சினைன்னா நீங்க போய் நிற்க வேண்டிய கவுன்ட்டர் நாலுக்கும் வேற வேற.

நம்மில் நிறைய பேர் ஐ.டி.யில் இருக்கோம், அதனால் ரீ-ஆர்க் மெயில் எப்படி இருக்கும்னு தெரியும். டீமுக்குப் புதுப் பெயர், புது மேனேஜர், அழகான ஒரு படம். அந்த மெயிலில் பெரும்பாலும் இல்லாத ஒரே விஷயம், பழைய டிக்கெட்டுகளை இனி யார் பார்ப்பார்கள் என்பது. கஸ்டமருக்கு முக்கியமானது அது ஒன்றுதான். தமிழ்நாட்டு அரசும் கடந்த 75 வருஷத்தில் வீட்டுவசதியில் பல தடவை ரீ-ஆர்க் செய்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய டிக்கெட் என்ன ஆச்சு என்பதுதான் இன்றைய கதை.

டிரஸ்டிலிருந்து வாரியம்

1947-லிருந்து ஆரம்பிப்போம். சுதந்திரம் வந்த அந்த வருஷத்தில் சென்னை நகரத்துக்கு சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பு வந்தது. சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த மூன்று எழுத்து இதுதான். பெயரில் 'சிட்டி' இருந்ததால் வேலையும் சென்னைக்குள்தான்.

நகரம் வளர வளர ஒரு டிரஸ்ட் போதாது என்று ஆனது. 1961-ல் தனிச் சட்டம் போட்டு, மாநிலம் முழுவதற்குமான வீட்டுவசதி வாரியத்தை உருவாக்கினார்கள். அசோக் நகர், கே.கே. நகர், 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி எழுந்த அண்ணா நகர் எல்லாம் அந்த வாரியத்தின் கைவண்ணம். விண்ணப்பம் போடணும், குலுக்கலில் பெயர் வரணும், தவணை கட்டணும். இந்த அமைப்பு மாதச் சம்பளக்காரரை மனசில் வைத்துச் செய்யப்பட்டது. கையில் சம்பளச் சீட்டு இல்லாதவர் அந்த வரிசையில் எங்கே நிற்பார்?

அந்தக் கேள்விக்கு வந்த பதில் 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். முதலமைச்சர் கருணாநிதி. அடுத்த வருஷம், 1971-ல், குடிசைப் பகுதிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அப்போது எடுத்த கணக்கில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள், அவற்றில் 1,63,802 குடும்பங்கள், ஏறக்குறைய 7.37 லட்சம் பேர். ஏழு வருஷத்தில் குடிசையே இல்லாத சென்னை என்பதுதான் இலக்கு. பழைய இடத்திலேயோ பக்கத்திலேயோ மாடிக் குடியிருப்புகள் எழும்பின. மெரினா பக்கமும் புளியந்தோப்பு பக்கமும் அந்தக் காலத்துக் கட்டடங்களைப் பார்த்திருப்பீங்க.

இந்த வாரியத்தின் பெயரிலேயே ஒரு சிக்கல் இருந்தது. தமிழில் 'மாற்று வாரியம்'. குடிசையை வீடாக மாற்றுவது என்று படிக்கலாம். ஆங்கிலப் பெயரில் இருந்த சொல் 'கிளியரன்ஸ்', அதாவது அகற்றுவது. ஒரே ஆபீஸுக்கு இரண்டு மொழியில் இரண்டு வேலை. பின்னால் வந்த ஐம்பது வருஷத்தில் இரண்டுமே நடந்தது.

பிரிந்த வரிசைகள்

1972-ல் சி.எம்.டி.ஏ. வந்தது. 1974-ல் அதற்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. வேலை வீடு கட்டுவது இல்லை, நகரத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது. எங்கே குடியிருப்பு, எங்கே தொழிற்சாலை, எந்தக் கட்டடத்துக்கு அனுமதி என்பதெல்லாம் அதன் கையில். அதே 1972-ல் இன்னொரு நிறுவனமும் தொடங்கியது: நுகர்பொருள் வாணிபக் கழகம். ரேஷன் கடைக்கு அரிசி, பருப்பு கொண்டுவருகிற கழகம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ஆக, 70-களின் நடுவில் படம் இப்படி இருந்தது. தவணை கட்ட முடிந்தவருக்கு வீட்டுவசதி வாரியம். கட்ட முடியாதவருக்குக் குடிசை மாற்று வாரியம். நிலத்தின் எதிர்காலத்துக்கு சி.எம்.டி.ஏ. சாப்பாட்டுக்கு உணவுத் துறை. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை அரசாங்கத்தில் நாலு ஃபைலாகப் பிரிந்துவிட்டது.

1977-ல் உலக வங்கிக் கடனோடு ஒரு திருப்பம். மாடி கட்டித் தருவது செலவு, அதற்குப் பதிலாக இருக்கிற இடத்திலேயே தெருவும் குழாயும் விளக்கும் நில உரிமையும் கொடுங்கள் என்ற யோசனை முன்னுக்கு வந்தது. இன்னொரு பக்கம், வில்லிவாக்கம், அரும்பாக்கம், பிறகு முகப்பேர் மாதிரி இடங்களில் மனை பிரித்து, அடிப்படை வசதி செய்து, வீட்டை நீங்களே கட்டிக்கோங்க என்றார்கள். இன்று முகப்பேரில் 1 பி.ஹெச்.கே.வுக்கு வாடகை தேடுகிறவர்கள் நம்புவது கஷ்டம்தான், ஆனால் அங்கே பல தெருக்களின் ஆரம்பம் இந்தச் சின்ன மனைகள்.

இதே நேரத்தில் சத்தமில்லாமல் ஒன்று நின்றுபோனது. 1971 சட்டத்தின் உயிரே 'இது குடிசைப் பகுதி' என்று அரசு அறிவிப்பதில் இருக்கிறது. அறிவித்துவிட்டால் அங்கே வசதி செய்து தர வேண்டும். அங்கே குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடவே உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். 1,202 பகுதிகளுக்குப் பிறகு 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகளாகச் சென்னையில் புதிதாக ஒன்றைக்கூட அப்படி அறிவிக்கவில்லை. குடிசைகள் வந்துகொண்டே இருந்தன, பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. வாரியத்தின் பெயரும் ஆபீஸும் மாறவில்லை. ஆனால் புதிதாக வந்த குடிசைவாசியைக் காக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை.

'கஸ்டமர்' யார்?

இப்போ கொஞ்சம் லக்னோ வரை போயிட்டு வருவோம், காரணம் இருக்கு. அங்கே எம்.கே. குப்தா என்பவர் லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் விளம்பரத்தைப் பார்த்து நடுத்தர வருமானப் பிரிவு வீட்டுக்கு விண்ணப்பித்தார். 1984-ல் முழுப் பணமும் கட்டிவிட்டார். வீடு கைக்கு வரவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் சட்டப்படி அமைந்த அரசு அமைப்பு, கடை இல்லை, எங்கள் மேல் நுகர்வோர் சட்டம் பாயாது.

1993 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. காசு வாங்கிக்கொண்டு வீடு கட்டித் தருவது சேவை. சேவையில் குறை இருந்தால், செய்தது அரசாங்க வாரியமே ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். அதோடு நிற்கவில்லை. அலைக்கழித்ததற்காக விதிக்கப்பட்ட 10,000 ரூபாயைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. அதே வருஷம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தி, 'வீடு கட்டுமானம்' என்பதைச் சேவைப் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்தார்கள்.

என் பார்வையில், இந்தக் கதையில் வருகிற எல்லா ரீ-ஆர்க்கையும்விட பெரிய மாற்றம் இந்தத் தீர்ப்புதான். எந்த ஆபீஸின் பெயரும் மாறவில்லை, எந்த போர்டும் கழற்றி மாட்டப்படவில்லை. ஆனால் கவுன்ட்டருக்கு வெளியே நின்ற மனுஷன் அதுவரை விண்ணப்பதாரர், அன்றைக்கு நுகர்வோர். அரசு வாரியத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க அவருக்கு இன்னொரு கதவு திறந்தது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2017-ல் தமிழ்நாட்டில் அமைந்த ரெரா ஆணையம் எல்லாம் அந்தக் கதவை இன்னும் அகலமாக்கின. அந்தச் சட்டத்தில் 'புரமோட்டர்' என்ற சொல்லுக்குள் விற்பனைக்கு வீடு கட்டும் அரசு வாரியமும் வருகிறது.

ஆனால் இந்தக் கதவுக்கு ஒரு வாசற்படி உண்டு. நுகர்வோர் சட்டம் இலவசச் சேவையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ரெரா, விற்பனையைப் பற்றிப் பேசும், வாடகையைத் தொடாது. அண்ணா நகரில் தவணை கட்டி வாங்கியவருக்கு நேராக வழி இருக்கிறது. ஆற்றங்கரை வீட்டை இடித்துவிட்டு, லாரியில் ஏற்றி, நாலாவது மாடியில் ஒரு சாவியைக் கையில் கொடுத்தார்களே, அவர் யார்? விண்ணப்பதாரரா, பயனாளியா, நுகர்வோரா? அதற்கே முதலில் வாதாட வேண்டியிருக்கும். வரிசைகளை 70-களில் பிரித்ததன் விலை இங்கேதான் தெரிகிறது.

ரேஷன் கார்டும் சாவியும்

2000-க்குப் பிறகு வாரியத்தின் வேலை ஊருக்கு வெளியே நகர்ந்தது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேல் வீடுகள். பெரும்பாக்கம் 20,000 வீடுகளைத் தாண்டிய திட்டம். பழைய வீட்டிலிருந்து 20, 25 கிலோமீட்டர். மேற்குப் பக்கத்தில் அதே பாணியின் சின்ன வடிவம் நம்ம கூடப்பாக்கம்.

வாரியத்தின் கணக்கில், சாவி கொடுத்தவுடன் டிக்கெட் க்ளோஸ். குடும்பத்தின் கணக்கில் அப்போதுதான் ஓபன் ஆகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒரு துறை. பஸ் இன்னொரு துறை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் வேலையிடம் பழைய ஏரியாவிலேயே இருக்கும், அதற்கு எந்தத் துறையும் கிடையாது. ரேஷனை எடுத்துக்கோங்க. கார்டு கொடுப்பது உணவுப் பொருள் வழங்கல் துறை. அரிசியைக் கொண்டுவருவது நான் முன்னே சொன்ன வாணிபக் கழகம். கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். கடையின் தராசுக்கு முத்திரை வைப்பது தொழிலாளர் துறை. எடை குறைந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கே தனியாகப் படிக்கணும்.

இருந்தாலும், இந்தப் பக்கத்தில் தமிழ்நாடு உருப்படியாக ஒன்று செய்தது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது, தமிழ்நாடு எல்லாருக்குமான ரேஷனை விடவில்லை. 2020 அக்டோபர் 1-லிருந்து மாநிலத்தில் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஆனது. இடம் மாறிய குடும்பத்துக்கு இதன் மதிப்பு ரொம்பப் பெரியது. கார்டு ஆளோடு நடக்கிறது. உள்ளே எத்தனை துறை இருந்தாலும், வெளியே நிற்பவருக்குத் தெரிவது ஒரு கடை, ஒரு கார்டு. நம்ம மொழியில் சொன்னால், பின்னால் பத்து சர்வீஸ் ஓடினாலும் முன்னால் ஒரே இன்டர்ஃபேஸ். வீட்டுவசதியில் அது இன்னும் வரவில்லை.

ஊருக்குள் ஒரு மாற்று

இப்போ குத்தம்பாக்கத்துக்குத் திரும்புவோம். 1996 பஞ்சாயத்துத் தேர்தலில் இங்கே தலைவரானவர் இளங்கோ ரங்கசாமி. கெமிக்கல் இன்ஜினீயர், அரசு ஆய்வகத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தவர். அவர் காலத்தில் இங்கே 50 இரட்டை வீடுகள் எழும்பின. ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். அதே காலத்தில் மாநிலம் முழுக்க வந்த சமத்துவபுரம் திட்டத்தோடு சேர்த்தே இந்த ஊர் பேசப்படுகிறது. அந்தத் திட்டத்தின் முதல் ஊர் மதுரை மாவட்டம் மேலக்கோட்டை, 1998-ல் திறந்தது. 100 வீடு இருந்தால் 40 தலித், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 மற்றவர் என்று கணக்கு.

இளங்கோவின் கதையில் எனக்குப் பிடித்தது இன்னொரு பகுதி. வடிகால் கட்டும்போது, எஸ்டிமேட்டில் சொன்ன கல்லுக்குப் பதிலாக, பக்கத்தில் மலிவாகக் கிடைத்த கிரானைட் கழிவைப் பயன்படுத்தினார். விதிப்படி அது தவறு என்று அவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது, அவர் திரும்பி வந்தார். யார் சரி என்பதை விடுங்க. வடிகால் யார் வாசலில் ஓடுகிறதோ அவர்களே கூடி உட்கார்ந்து, கட்டியவரைப் பற்றி முடிவு சொல்ல ஓர் இடம் இருந்தது. கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அதுக்குச் சமமான ஓர் இடம் உண்டா?

ஒரே நிலம், மூணு திட்டம்

அந்த ஊரின் ஓரத்திலேயே நேர் எதிரான கதையும் நடந்தது. 2011-ல் திருமழிசைத் துணை நகரம் அறிவிக்கப்பட்டது. செம்பரம்பாக்கம், குத்தம்பாக்கம், பர்வதராஜபுரம், நரசிங்கபுரம், வெள்ளவேடு கிராமங்களில் 311 ஏக்கர், 2,160 கோடி ரூபாய், சுமார் 12,000 வீடுகள் என்று சொன்னார்கள். கட்ட வேண்டியது வீட்டுவசதி வாரியம்.

பத்து வருஷம் ஆகியும் அந்த 12,000 வீடு வரவில்லை. அந்த நிலம் ஊருக்கே தெரிந்தது 2020 மே மாதத்தில். கோயம்பேட்டில் கொரோனா பரவியபோது காய்கறிச் சந்தையை அவசரமாகத் திருமழிசைக்கு மாற்றினார்கள். துணை நகரத்துக்கென்று வைத்த இடத்தில் தகரக் கொட்டகைகளும் வெங்காய மூட்டைகளும். மழை பெய்தால் சேறு. செப்டம்பர் கடைசியில் வியாபாரிகள் கோயம்பேட்டுக்குத் திரும்பினார்கள். பிறகு அதே நிலத்தில் சுமார் 25 ஏக்கர் சி.எம்.டி.ஏ.வின் பஸ் நிலையத்துக்குப் போனது.

பஸ் நிலையம் தேவைதான். ஆனால் வீடு என்று சொல்லி எடுத்த நிலம், சந்தை ஆகி, பஸ் நிலையம் ஆகும்போது, 'அந்த 12,000 வீடு என்ன ஆச்சு?' என்று கேட்கும் டிக்கெட் எந்த ஆபீஸில் இருக்கிறது? வரைபடம் வைத்திருப்பவர் வேறு, நிலம் வைத்திருப்பவர் வேறு. அமைச்சர்களும் வேறு. 2021-ல் குடிசை மாற்று வாரியம் போனது, வீட்டுவசதி அமைச்சரிடம் இல்லை, ஊரகத் தொழில்துறை அமைச்சர் தா.மோ. அன்பரசனிடம். 2022 டிசம்பரில் சி.எம்.டி.ஏ. பொறுப்பு அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபுவுக்கு மாறியது. தனிப்பட்ட ஆளைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. சுறுசுறுப்பான அமைச்சர் வந்தால் வேலை வேகமாகக்கூட நடக்கலாம். ஆனால் வெளியே நிற்பவர் படிக்க வேண்டிய படம் இன்னும் ஒரு மடிப்பு கூடிவிட்டது.

புதுப் பெயர், பழைய சுவர்

கடைசியாக 2021. ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், கை வைத்தால் சுவர்ப் பூச்சு உதிர்ந்த காட்சிகளை எல்லா டி.வி.யும் போட்டது. ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு ஆய்வு நடந்தது. அடுத்த சில வாரங்களில் வாரியத்துக்குப் புதுப் பெயர் அறிவிக்கப்பட்டது: தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 'கிளியரன்ஸ்' என்ற சொல் போனது நல்லதுதான். தன் வீட்டை அகற்றும் பெயர் கொண்ட ஆபீஸிலேயே வீடு கேட்டு நிற்பது யாருக்கும் மரியாதை இல்லை.

அதே டிசம்பர் 27-ம் தேதி, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியத்தின் பழைய கட்டடம் ஒன்று இடிந்து, 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. யாரும் சாகவில்லை. காரணம், விரிசலைப் பார்த்த மக்களே முன்கூட்டி வெளியே வந்துவிட்டார்கள். அன்று உயிர்களைக் காப்பாற்றியது குடியிருந்தவர்களின் கண். அவர்கள் பார்த்த விரிசல், கட்டடம் விழுவதற்கு முன்னாலேயே ஓர் அதிகாரியை ஓடிவர வைத்திருந்தால், அதைத்தான் நான் சீர்திருத்தம் என்று சொல்வேன்.

அதனால் அடுத்த தடவை 'துறை மறுசீரமைப்பு', 'வாரியங்கள் இணைப்பு' என்று செய்தி வந்தால், லோகோவைப் பார்க்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. பழைய ஆபீஸ் கொடுத்த வாக்குறுதியை இனி யார் சுமப்பார்கள்? அங்கே வீடு வாங்குபவரைச் சட்டம் என்ன பெயரில் கூப்பிடும்: பயனாளி என்றா, நுகர்வோர் என்றா? தவறு நடந்தால் அபராதம் யார் சம்பளத்திலிருந்து போகும்? மூன்றாவது கேள்விக்கு 1993-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. பல ரீ-ஆர்க் அறிவிப்புகள் இன்னும் அதைப் படிக்கவில்லை.

ஒரு சின்ன ஹோம்வொர்க்கோடு முடிக்கிறேன். உங்க வீடு அண்ணா நகரிலோ முகப்பேரிலோ கே.கே. நகரிலோ இருந்தால், மூலப் பத்திரத்தை எடுத்து, முதலில் விற்றது யார் என்று பாருங்க. சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டா, வாரியமா? வாடகைக்கு இருக்கிறவங்க ஹவுஸ் ஓனரிடம் கேட்டுப் பாருங்க. அந்த ஆபீஸ் இன்று எந்தப் பெயரில், எந்த அமைச்சரின் கீழே இருக்கிறது என்று கண்டுபிடிச்சு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.